உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும் வாயில்

உணவு வாய்க்குள் சென்றுவிட்டதாலேயே அது உடலுக்குள் சென்றுவிட்டதாகக் கொள்ளுதல் இயலாது. வாயில் தொடங்கிக் குதத்தில் முடியும் உணவுப்பாதை, உடலை ஊடுருவிச் செல்லும் ஒரு நீண்ட குழாயே ஆகும். அக்குழாயினுள் கிடக்கும் பொருள், அதன் சுவரைக் கடந்து ரத்தத்துடன் கலந்த பின்னரே உடலுக்கு உரியதாகிறது. சுவரைக் கடக்கும் வழிகளுள் ஒன்றை விஞ்ஞானிகள் அறிந்துகொண்டதன் பயனாக, வயிற்றுப்போக்கினால் மாண்டிருக்கக்கூடிய எண்ணற்ற குழந்தைகள் இன்று உயிர் பிழைத்து வருகின்றனர்.

ஜீரணமும் உறிஞ்சுதலும்

ஒரு கவளம் சோற்றை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள மாவுப்பொருளை முதலில் உமிழ்நீரும், பின்னர் கணையநீரும் சிறு துணுக்குகளாகச் சிதைக்கின்றன. சிறுகுடலின் சுவரிலுள்ள நொதிப்பொருள்கள் அத்துணுக்குகளைக் குளூகோஸ் என்னும் எளிய சர்க்கரையாக மாற்றுகின்றன. பருப்பிலுள்ள புரதம் இரைப்பையிலும் சிறுகுடலிலும் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. நெய்யும் எண்ணெயும் பித்தநீரால் நுண்துளிகளாகிய பின்னர் கணையநீரால் சிதைக்கப்படுகின்றன.

இவ்வாறு சிதைந்த சத்துக்களை ஏற்பதற்கென்றே சிறுகுடலின் உட்புறம் அமைந்துள்ளது. அதன் மடிப்புகளின் மீது, விரல்களைப் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் வெல்வெட்டுத் துணியின் இழைகளைப் போல் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு குடலுறிஞ்சியின் மேற்பரப்பிலுமுள்ள உயிரணுக்கள் அவற்றினும் நுண்ணிய நீட்சிகளைக் கொண்டுள்ளன. குளூகோஸும் அமினோ அமிலங்களும் ரத்தக் குழாய்களின் வழியாகக் கல்லீரலை அடைகின்றன. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர்க் குழாய்களின் வழியே செல்கிறது.

சத்துக்களை மட்டுமன்றி நீரையும் குடலே ஏற்கிறது. ஒருவர் நாளொன்றுக்குப் பருகியும் உண்டும் பெறும் நீர் ஏறத்தாழ 2 லிட்டராகும். உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் ஆகியவையாக உடலே குழாயினுள் சுரக்கும் நீர் சுமார் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்துடன் வெளியேறுவது 200 மில்லிலிட்டருக்கும் குறைவே. எஞ்சியது யாவும் மீண்டும் உடலுக்குள் உறிஞ்சப்படுகிறது. இவ்வேற்பாடு சிறிது சீர்குலைந்தாலும் எத்துணை நீர் வீணாகும் என்பதை இக்கணக்கே புலப்படுத்தும்.

இணைந்து செல்லும் இரு பொருள்கள்

நீர் தானாகவே குடற்சுவரைக் கடப்பதில்லை. உப்பும் சத்தும் செல்லும் திசையில் அது பின்தொடர்ந்து செல்கிறது. அவ்வாறாயின், உப்பு எவ்வாறு செல்கிறது? குடலின் உயிரணுக்கள், தம்முள் புகும் ஸோடியத்தை ஓயாமல் ரத்தத்தின் பக்கமாக வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆதலின் அணுவினுள் ஸோடியம் குறைவாகவும், வெளியே மிகுதியாகவும் உள்ளது. மேட்டிலுள்ள நீர் பள்ளத்தை நாடுவதுபோல் ஸோடியம் உள்ளே நுழைய முற்படுகிறது. அதற்கான வாயில்களுள் ஒன்று, ஸோடியமும் குளூகோஸும் சேர்ந்து வந்தால் மட்டுமே இரண்டையும் உள்ளே கொண்டு செல்லும் இயல்புடையது. ஸோடியத்தின் வேகமே குளூகோஸை உடன் இழுத்துச் செல்கிறது. நீர் அவ்விரண்டையும் பின்தொடர்கிறது. இவ்வமைப்பினை 1960-ஆம் ஆண்டு பிராக் நகரில் நடந்த விஞ்ஞானக் கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன் என்பவர் விளக்கினார்.

காலராவிலும் மூடாத வாயில்

காலரா நோயில் குடல் அழிந்துவிடுகிறது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. உண்மை அதுவன்று. அந்நோய்க் கிருமி வெளியிடும் நச்சுப்பொருளே நோய்க்குக் காரணம் என்பதை, 1959-இல் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே முயல்களின் குடலில் நிகழ்த்திய சோதனைகளால் நிலைநாட்டினார். அந்நஞ்சு குடலின் உயிரணுக்களைச் சிதைப்பதில்லை. உப்பையும் நீரையும் அளவின்றிச் சுரக்குமாறு அவற்றைத் தூண்டுகிறது. கடுமையாகத் தாக்கப்பட்டவர் மணிக்கு ஒரு லிட்டர் நீரைக்கூட இழக்கக்கூடும். எனினும், ஸோடியமும் குளூகோஸும் சேர்ந்து நுழையும் வாயில் அப்பொழுதும் திறந்தே இருக்கிறது.

ஆகவே உப்பையும் சர்க்கரையையும் தக்க அளவில் கரைத்துப் பருகக் கொடுத்தால், இழந்த நீரை வாய்வழியாகவே ஈடு செய்யலாம் என்பது தெளிவாயிற்று. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் ஆகியோர் காலரா நோயாளிகளிடம் இதனை நிரூபித்தனர்.

1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் பெருந்திரளாகத் தங்கியிருந்த, மேற்கு வங்காளத்தின் பன்காவ் நகரில் காலரா பரவியது. ரத்தக் குழாயில் செலுத்தும் உப்புநீர் போதாமற்போயிற்று. அங்குப் பணிபுரிந்த டாக்டர் திலீப் மஹலானபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளூகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவில் பொட்டலங்கள் தயாரிக்கச் செய்தார். அவற்றைக் கரைத்த நீரை நோயாளிகளின் உறவினரே புகட்டினர். 30 சதவீதத்தை எட்டியிருந்த மரண விகிதம், இம்முறையால் 4 சதவீதத்திற்கும் கீழே இறங்கிற்று.

அளவே முக்கியம்

2002 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லிட்டருக்குக் குளூகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைஸோடியம் ஸிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. இவ்வளவுகள் காரணமின்றி வகுக்கப்பட்டவையல்ல. சர்க்கரை மிகுந்தால் அது குடலிலேயே தங்கி, உடலிலுள்ள நீரைக் குழாயினுள் இழுத்துப் பேதியை மிகுவிக்கும். உப்பு மிகுந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து நேரும். இனிப்பான குளிர்பானங்கள் இக்கரைசலுக்கு ஈடாகா என்பதும் இதனாலேயே.

எனவே, பொட்டலத்தின் மேல் குறிப்பிட்டுள்ள அளவு சுத்தமான நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்தல் வேண்டும். கரைத்த நீரை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தி, எஞ்சியதைக் கொட்டிவிடுதல் வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் கொடுக்கலாம். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, நீர் பருக இயலாவிடினோ, மலத்தில் ரத்தம் காணப்பட்டாலோ தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லல் அவசியம்.

இக்கரைசல் பேதியை உடனே நிறுத்திவிடுவதில்லை. அதனைக் கண்டு, மருந்து பயனளிக்கவில்லையென எண்ணிப் பெற்றோர் கைவிட்டுவிடுதல் கூடாது. நோய் தானாகத் தணியும் வரை உடல் வற்றிப்போகாமல் காப்பதே அதன் பணி. நாள்தோறும் உண்ணும் சோற்றின் சத்தை உடலில் சேர்க்கும் அதே வாயில், நோயுற்ற வேளையில் உயிரைக் காக்கும் வாயிலாகவும் அமைந்திருக்கிறது.