கால்வாய் அடைத்தால் யாரைக் கேட்பது? மன்ற உறுப்பினரின் கடமையும் நமது உரிமையும்

தாமானில் கால்வாய் அடைத்துக்கொண்டால் நம்மவர்கள் முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வார்கள். பிறகு கட்சிக் கிளைத் தலைவரிடம் போவார்கள். படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவோரும் உண்டு. ஆனால், ஊராட்சி மன்றத்தில் நம் வட்டாரத்தைக் கவனிக்கும் உறுப்பினர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. காரணம் எளிது. அவருக்கு நாம் ஓட்டுப் போட்டதில்லை. ஓட்டுப் போடாத ஒருவரிடம் கணக்குக் கேட்க முடியுமா? முடியும், நேயர்களே. எப்படி என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

தேர்தல் போன கதை

நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் ஒரு காலத்தில் நடந்தது. ஜோர்ஜ்டவுனில் 1951 டிசம்பரில் முதல் தேர்தல் நடைபெற்றது. 1965-இல், இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த காலத்தில், இத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே காலக்கட்டத்தில் ஜோர்ஜ்டவுன், சிரம்பான், நமது ஜொகூர் பாரு, பத்து பஹாட் ஆகிய மன்றங்களின் நிர்வாகம் குறித்துப் புகார்கள் எழுந்தன. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன்.

தேர்தல் முறை தொடர வேண்டும் என்றே அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்படி டத்தோ பண்டார் அல்லது தலைவரையும், 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்களையும் மாநில அரசு நியமிக்கிறது. ஒரு தவணை மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக்கூடாது, மீண்டும் நியமிக்கலாம். ஜொகூரின் 16 ஊராட்சி மன்றங்களுக்கும் இதே விதிதான்.

ஆக, உறுப்பினரின் பதவி மேலிருந்து வருகிறது. அவர் கேட்க வேண்டிய கேள்விகளோ கீழிருந்து வர வேண்டும்.

உறுப்பினர் எங்கே கேள்வி கேட்கலாம்?

முதலாவது, மன்றக் கூட்டம். அதிகாரிகள் கொண்டுவரும் தீர்மானங்கள் இங்கேதான் நிறைவேறுகின்றன. வேலை ஏன் தாமதம், குத்தகையாளருக்கு அபராதம் விதிக்கப்பட்டதா என்று உறுப்பினர் இங்கே கேட்கலாம். கேள்வியும் பதிலும் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால், அடுத்த கூட்டத்தில் அதே விஷயத்தை மறுபடியும் எழுப்பலாம்.

இரண்டாவது, செயற்குழுக்கள். நிதி, லைசென்ஸ், கட்டட அனுமதி போன்ற விவகாரங்கள் பெரும்பாலும் இங்கேதான் அலசப்படுகின்றன. கேள்வி கேட்க வேண்டிய சரியான நேரமும் இதுதான். முடிவெடுத்த பிறகு கேட்பது, வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுவது போல.

மூன்றாவது, பணம். ஆண்டு வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் நிறைவேற வேண்டும். பிறகு கணக்குத் தணிக்கை நடக்கிறது. சென்ற ஆண்டு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று கேட்காமல் இந்த ஆண்டு ஒதுக்கீட்டுக்குக் கை தூக்கும் உறுப்பினர் தம் கடமையில் பாதியைத்தான் செய்கிறார்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குத்தகையில் தமக்குப் பண ஆதாயம் இருந்தால் உறுப்பினர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதன் மீது வாக்களிக்கக் கூடாது. இது சட்டம்.

"அது எங்கள் வேலை இல்லை"

முகப்பில் இந்தப் பதிலைக் கேட்டு வீடு திரும்பியவர்கள் பலர். பல வேளைகளில் அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும். 2007-ஆம் ஆண்டு திடக்கழிவு, பொதுத் துப்புரவுச் சட்டம் (சட்டம் 672) 2011 செப்டம்பரில் ஜொகூரில் அமலுக்கு வந்தது. அதிலிருந்து வீட்டுக் குப்பை எடுப்பது, கால்வாய் துப்புரவு, புல் வெட்டுவது ஆகியவை பொதுவாகக் குத்தகை நிறுவனத்தின் வேலை. அதைக் கண்காணிப்பது எஸ்.டபிள்யூ.கோர்ப் எனும் மத்திய அரசு நிறுவனம். கால்வாய்ச் சுவர் இடிந்தால் மன்றம். ஆறு பெருகினால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. பெரிய சாலை என்றால் பொதுப்பணி இலாகா.

இப்படிப் பலர் கையில் வேலை பிரிந்திருப்பதால்தான் உறுப்பினர் அவசியம். "எங்கள் வேலை இல்லை" என்று அதிகாரி சொன்னால், "சரி, சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள்? என்ன பதில் வந்தது?" என்பது அவருடைய அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும்? 2019 மார்ச் 7-ஆம் தேதியை பாசீர் கூடாங் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. இரசாயனக் கழிவு சுற்றுச்சூழல் இலாகாவின் பொறுப்பு. தொழிற்கூட லைசென்ஸ் மன்றத்தின் பொறுப்பு. ஒவ்வொரு தரப்பும் தன் பங்கை மட்டும் பார்த்தால், இடையில் விழும் ஓட்டையை யார் பார்ப்பது? அந்த வட்டாரத்தை நாள்தோறும் அறிந்த உறுப்பினர்தான் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஓட்டு இல்லாத இடத்தில் நமக்குத் துணை எழுத்து. புகாரை வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். இடம், தேதி, படம் ஆகியவற்றோடு எழுதிக் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதன் நகலை உறுப்பினருக்கு அனுப்பி, மன்றக் கூட்டத்தில் எழுப்பும்படி கேளுங்கள். ஒருவர் தனியாக எழுதுவதைவிட, குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் பத்து வீடுகள் கையெழுத்திட்டால் வலு அதிகம்.

மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் 171-இன் 23-ஆவது பிரிவு கூறுகிறது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் மட்டுமே விலக்கு. செயற்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. இந்த உரிமை ஏட்டில் இருக்கிறது, பயன்படுத்துவோர்தாம் குறைவு.

வீட்டு மதிப்பீட்டு வரியிலும் உங்களுக்குக் குரல் உண்டு. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வந்து, உங்கள் வீட்டின் மதிப்பு அதிகம் என்று தோன்றினால், அறிவிப்பில் குறிப்பிட்ட பரிசீலனை நாளுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அறிவிப்பைப் பிரிக்காமலே மேசை மேல் போட்டுவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை.

நாம் கட்டும் வரியில்தான் மன்றம் நடக்கிறது. அந்த உரிமையோடு, வரும் வாரம் உங்கள் மன்றத்தின் முகப்பிலோ இணையப் பக்கத்திலோ ஒரே ஒரு விவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் வட்டாரத்தின் உறுப்பினர் யார்? பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு முதல் கடிதத்தை எழுதுங்கள். கடிதம் வந்தால்தான் அவரும் மன்றத்தில் எழுந்து நின்று, "மக்கள் கேட்கிறார்கள்" என்று சொல்ல முடியும்.