பாடம் நடத்தப் பிறந்த திரை

முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் பல்கலைக்கழக வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் முன்வரிசையில் நாலைந்து கைகள் உயரும். மற்றவர்களுக்குப் பாடம் புரிந்ததா என்பது விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி, சரியா தவறா என்று அந்த நொடியே அறிந்துகொள்ள வழி உண்டா? அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 1960-ஐ ஒட்டி இந்தக் கேள்வி எழுந்தது. இயற்பியலாளர் டேனியல் ஆல்பர்ட் இதைப் பற்றிப் பேசப் பொறியாளர்கள், கல்வியாளர்கள், உளவியலாளர்கள் எல்லோரையும் கூட்டினார். அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. டொனால்ட் பிட்சர் என்ற இளம் மின்பொறியாளர், நானே செய்து பார்க்கிறேன் என்று முன்வந்தார்.

அப்படிப் பிறந்தது 'பிளேட்டோ'. வெற்றிடக் குழல்களால் ஆன இலியாக் கணினியோடு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் சில பொத்தான்களையும் இணைத்தார் பிட்சர். ஒரு நேரத்தில் ஒரு மாணவர்தான் படிக்கலாம். ஆனாலும் அது வேலை செய்தது.

ஆயிரம் மாணவர்களுக்கு இதை விரிக்க நினைத்தபோது முட்டுக்கட்டையாக நின்றது திரை. பழைய படக்குழாய்த் திரையில் எழுதியது கண் இமைக்கும் நேரத்தில் மங்கிவிடும். அதே படத்தை நொடிக்குப் பல முறை திரும்பத் திரும்ப வரையவேண்டும். வரைவதற்குப் படத்தை எங்காவது நினைவில் வைத்திருக்கவேண்டும். அன்று கணினி நினைவகம் பொன் விலை. மாணவருக்கு ஒன்று வீதம் வாங்கக் கட்டுப்படியாகாது.

படத்தைத் திரையே நினைவில் வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தார்கள் பிட்சரும் ஜீன் ஸ்லாட்டோவும் ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் வில்சனும். 1964-இல் அவர்கள் செய்த பிளாஸ்மா திரையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி, அதில் நியான் கலந்த வாயு. ஒரு தகட்டில் கிடையாகவும் மறு தகட்டில் நெடுக்காகவும் மின்கம்பிகள். கம்பிகள் குறுக்கிடும் ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளி. திரை முழுவதும் எப்போதும் ஒரு மாறுமின்னழுத்தம் ஓடிக்கொண்டிருக்கும்; அது மட்டும் வாயுவைப் பற்றவைக்கப் போதாது. ஒரு புள்ளிக்குக் கூடுதலாக ஒரு துடிப்பு கொடுத்தால் அங்கே வாயு ஒளிர்கிறது. ஒளிரும்போது பிரியும் மின்னூட்டம் கண்ணாடிச் சுவரில் படிந்துவிடுகிறது. அடுத்த கணம் மின்னழுத்தம் திசை மாறும்போது, படிந்திருந்த மின்னூட்டமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. புள்ளி மறுபடி ஒளிர்கிறது. ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலுக்குச் சின்னத் தள்ளல் போதும், நிற்கும் ஊஞ்சலை அது அசைக்காது அல்லவா? அதுபோல எரியும் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும், அணைந்த புள்ளி அணைந்தே இருக்கும். கணினி ஒருமுறை சொன்னால் போதும். மாற்றம் இருந்தால் மட்டும் மறுபடி சொல்லலாம். அவ்வளவு சிறிய செய்தியைச் சுமக்கச் சாதாரணத் தொலைபேசிக் கம்பியே போதும். பின்னாளில் வீட்டுச் சுவர்களில் மாட்டிய பிளாஸ்மா தொலைக்காட்சிக்கு மூலம் இதுதான். 2002-இல் இதற்காக எம்மி விருதும் வந்தது. வகுப்பறைத் தேவை ஒன்று உலகுக்கே ஒரு புதிய திரையைத் தந்தது.

1972-இல் வந்த நான்காம் பிளேட்டோவில் 512-க்கு 512 புள்ளிகள், ஆரஞ்சு நிற எழுத்து. கண்ணாடி ஊடுருவித் தெரிவதால் பின்னாலிருந்து வண்ணப்படம் வீழ்த்தலாம். விரலால் தொட்டும் பதில் சொல்லலாம்: திரைக்கு முன்னால் குறுக்கே 16, நெடுக்கே 16 என அகச்சிவப்புக் கதிர்கள் ஓடின, விரல் எதை மறைக்கிறதோ அதுவே விடை.

மரபியல் பாடம் ஒன்றில் பழ ஈக்கள் திரையில் தோன்றும். மாணவர் இரண்டைத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்தால் அடுத்த தலைமுறை ஈக்கள் வந்துவிடும். கண் நிறம், சிறகின் வடிவம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன் ஊகம் சரியா எனச் சோதிக்கலாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இங்கே ஊகம் தவறினால் உடனே அடுத்த ஊகம். விஞ்ஞானி யோசிக்கும் விதம் முதலாண்டு மாணவருக்கே கைவந்தது. இதை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

விடையைச் சொந்த வாக்கியமாகத் தட்டினாலும் பிளேட்டோ படித்துப் பார்த்தது. எழுத்துப்பிழை உள்ள சொல்லின் கீழ் ஒரு குறி, இடம் மாறிய சொல்லுக்கு வேறொரு குறி. "தவறு" என்று மொட்டையாகச் சொல்லி விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பாடங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களே. 1967-இல் உயிரியல் ஆராய்ச்சி மாணவரான பால் டென்சார், நிரலாக்கம் தெரியாதவரும் பாடம் எழுத ஏதுவாக 'டியூட்டர்' என்ற கணினி மொழியை உருவாக்கியிருந்தார். அதில் ஓர் அருமையான வசதி உண்டு. மாணவர்கள் தட்டிய எதிர்பாராத விடைகளையெல்லாம் சேகரித்துக் கொடுக்கும். ஒரே தவறான விடையைப் பலர் எழுதியிருந்தால் கோளாறு கேள்வியிலோ விளக்கத்திலோ இருக்கலாம். ஆசிரியர் அந்த இடத்தைத் திருத்தி எழுதுவார், அடுத்துப் படிக்க வருபவர் திருத்திய பாடத்தைப் படிப்பார்.