அம்பாசடர் காரின் கூரைச் சூடு: பணம் போடும் முன் பார்க்க வேண்டியவை

அம்பாசடர் கார் தயாரிப்பு 2014-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனாலும் நம் வணிகர்களில் சிலர் அந்த வண்டியை இன்னும் விடவில்லை. அப்பா காலத்து வண்டி என்ற பாசம் ஒரு பக்கம். டிக்கியில் இத்தனை சாமான் கொள்ளும் வண்டி வேறு எது என்ற கணக்கு இன்னொரு பக்கம். வண்டியின் குறைகளைச் சொன்னால் பட்டியல் நீளும். சித்திரை, வைகாசியில் பெரிதாகத் தெரிவது கூரைச் சூடுதான். இதற்கு மருந்து என்று குஷன் கடைகளில் இப்போது பலவித ஷீட்டுகளை எடுத்துப் போடுகிறார்கள். எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று பார்ப்போம்.

முதலில் சூடு எப்படி உள்ளே வருகிறது என்பது தெரிய வேண்டும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஏறக்குறைய 1000 வாட் அளவு வெப்பம் விழுகிறது. காரின் கூரை ஒன்றரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 1500 வாட் ஆகிறது. அதாவது 750 வாட் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டைக் கூரைமேல் வைத்தது போல. கூரைத் தகடோ ஏறக்குறைய ஒரு மில்லி மீட்டர் கனம்தான். இரும்பு வெப்பத்தை எளிதில் கடத்தும் என்பதால் தகட்டின் மேல்புறம் எவ்வளவு சூடோ, அடிப்புறமும் அவ்வளவே சூடு. அந்தத் தகடு கீழே இருக்கும் ரெக்சின் லைனிங்கைக் காய்ச்சுகிறது. லைனிங் நம் தலையைக் காய்ச்சுகிறது.

இதில் பெரும்பகுதி கதிராக வரும் சூடு. விறகடுப்பின் முன் நிற்கும்போது முகத்தில் சுள்ளென்று அடிப்பது இதுதான். நடுவே ஒரு முறத்தைப் பிடித்தால் அந்தக் கணமே நின்றுவிடுகிறது அல்லவா? கூரைக்கும் அப்படி ஒரு முறம் வேண்டும்.

ஆகவே முதல் செலவு தகடு சூடாகாமல் தடுப்பதற்கே. கருப்புப் பெயிண்ட் தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாங்கிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பெயிண்ட் கால் பங்கு போலத்தான் வாங்கும். வெள்ளி நிறம் பளபளத்தாலும் வெள்ளைக்கு ஈடாகாது. அடர் நிற வண்டி வைத்திருப்பவர்கள் கூரையை மட்டும் வெள்ளையாக்கிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பம்பாயின் பழைய கருப்பு டாக்சிகளுக்குக் கூரை மஞ்சளாக இருந்ததை நினைத்துக்கொள்ளலாம். வண்டியின் நிறம் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கும் ஆதலால், பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம்.

நிழல் அதைவிட மலிவு. கூரைமேல் கேரியர் உள்ளவர்கள், வண்டி நிற்கும் நேரத்தில் அதன்மேல் ஒரு வெள்ளைத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடலாம். தார்ப்பாய்க்கும் தகட்டுக்கும் இடையே காற்று ஓட வேண்டும் என்பதே முக்கியம். தகட்டின்மேல் படிய விரித்தால் பயன் போய்விடும். வெப்ப நாடுகளுக்கென்று செய்த பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகளில் கூரைக்கு மேல் இன்னொரு கூரை, நடுவே இடைவெளி விட்டு வைத்திருந்தார்கள். நம் ஊர்ப் பந்தலும் அதே கணக்குதான்.

இதற்குப் பிறகுதான் உள்ளே ஒட்டும் ஷீட். இதில் நாம் வாங்க வேண்டியது, தண்ணீர் உறிஞ்சாத பாலிஎத்திலீன் ஃபோமில் ஒரு பக்கம் அலுமினிய ஃபாயில் ஒட்டிய ஷீட். 6 முதல் 10 மி.மீ. கனம் போதும். ஃபோம் பக்கம் தகட்டோடு ஒட்ட வேண்டும். ஃபாயில் பக்கம் கீழே பார்த்து, லைனிங்குக்கு மேல் ஒரு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். ஃபாயில் சூட்டைக் கீழே விடாமல் நிறுத்துவது எதிரே காற்று இடைவெளி இருக்கும்போதுதான். இடைவெளி இல்லாமல் லைனிங் அதில் அழுந்தியிருந்தால் ஃபாயிலுக்குக் கொடுத்த காசு வீண். "கனமாகப் போட்டால் குளிர்ச்சி அதிகம்" என்று கடைக்காரர் இடைவெளி முழுவதையும் அடைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வாங்கும் முன் சோதிப்பது எளிது. தராசு நம்மிடமே இருக்கிறது. ஒரு துண்டை நிறுத்து, ஒரு இரவு தண்ணீரில் அமுக்கி வைத்து, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். எடை கூடியிருந்தால் அந்த ஃபோம் ஆகாது. மழையில் உறிஞ்சிய ஈரத்தை அது தகட்டோடு அணைத்து வைத்திருக்கும். கூரை உள்ளிருந்து துருப்பிடிப்பது, மேலே பெயிண்ட் கொப்பளிக்கும்வரை தெரியாது. இன்னொரு சிறு துண்டைத் திறந்த வெளியில் கொளுத்திப் பார்க்கலாம். தீக்குச்சியை எடுத்த பின்னும் நின்று எரிந்து சொட்டினால் தொட வேண்டாம்.

தெர்மோகோல் மலிவு என்று சிலர் யோசிப்பார்கள். 70, 80 டிகிரியில் அது இளகிச் சுருங்கும். வெயிலில் நின்ற தகடு அந்தச் சூட்டைச் சாதாரணமாக எட்டும். தவிர, குஷன் கடைகளில் பூசும் கரைப்பான் கலந்த ரப்பர் பசை தெர்மோகோலைக் கரைத்தே விடும். கோணிச் சாக்கு, பஞ்சு, கண்ணாடிக் கம்பளம் மூன்றும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். தார் ஷீட் சத்தத்தைக் குறைப்பதற்கானது, சூட்டுக்கு அல்ல. வெயிலில் நாற்றமும் அடிக்கும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் இருப்பது நல்லது. லைனிங்கைக் கழற்ற, பெரும்பாலும் முன், பின் கண்ணாடிகளின் ரப்பரை எடுக்க வேண்டியிருக்கும். பழைய ரப்பர் காய்ந்து வெடித்திருக்குமாதலால் புதியதை வாங்கி வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். இல்லையேல் கண்ணாடி இல்லாத வண்டி குஷன் கடையில் வாரக்கணக்கில் நிற்கும். உள் விளக்கின் ஒயர் கூரை வழியாகப் போகிறது. முதலில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். தகட்டைச் சுரண்டிப் பார்த்து, துரு இருந்தால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசி, அது நன்றாகக் காய்ந்த பின்புதான் ஷீட் ஒட்டலாம். மழைநீர் ஓடும் ஓரக்காலின் இணைப்பில் ஒழுக்கு இருந்தால் அதை டிங்கரிடம் சரிசெய்யாமல் மேலே வேலை நடத்தவே கூடாது. பசையின் ஆவி பெட்ரோலைப் போல் பற்றும். நான்கு கதவும் திறந்திருக்கட்டும். பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது.

இவ்வளவும் செய்தபின், ஓடும் வண்டியில் தலைமேல் அடிக்கும் அனல் நன்றாகவே குறையும். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய வண்டிக்கு இது காவல் ஆகாது. கண்ணாடி வழியாக வரும் வெயில் உள்ளேயே தங்கிவிடும். வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே ஒரு மணி நேரத்தில் 55-ஐத் தாண்டுவது சாதாரணம். சாக்லேட்டும் வனஸ்பதியும் அதற்கு வெகு முன்பே உருகிவிடும். அவை நஷ்டத்தோடு போகும். கொசு மருந்து ஸ்ப்ரே, லைட்டர் கேஸ் டப்பாக்கள் அப்படியல்ல. 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அவற்றின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள், வெடிக்கும். அவற்றை வண்டியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம். குழந்தைகளை ஐந்து நிமிடம்கூட உள்ளே விடக் கூடாது என்பதையும் டிரைவரிடம் சொல்லி வைக்க வேண்டும். நிழல் கிடைக்காத இடத்தில், பிஸ்கட் பெட்டி அட்டையைப் பிரித்து, வெள்ளைத் தாள் ஒட்டிய பக்கம் வெளியே தெரியும்படி முன் கண்ணாடிக்குள் சாய்த்து வைத்தால் ஓரளவு தாங்கும்.

லைனிங் வேலையை மாசி மாதத்தில் முடித்துக்கொள்வது வசதி. ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் தகடு காயாது. ஈரத்தை உள்ளே வைத்து ஒட்டியதாகிவிடும்.