மண்டையோட்டைத் திறக்காமல்

தேய்ந்த சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிளை பிரியுமிடத்தில் சுவர் நலிந்து சிறு பையாகப் புடைத்துக்கொள்வதுண்டு. அதுதான் அனியூரிசம். வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் பரவும், உயிருக்கே ஆபத்து.

முன்பெல்லாம் இதற்கு வழியே குறைவு. கழுத்திலுள்ள கரோடிட் தமனியைக் கட்டி ரத்த அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். 1937இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் போட்டு அடைத்தார். 1960களின் பிற்பகுதியில் சூரிச்சில் அறுவை மருத்துவர் யாசர்கில் நுண்ணோக்கியின் துணையோடு இந்த அறுவையை மிக நுட்பமாக்கினார். ஆனாலும் ரத்தம் கசிந்து வீங்கிய மூளையை விலக்கித்தான் புடைப்பைத் தொட முடிந்தது.

வெளியிலிருந்து போவானேன், ரத்தக்குழாய்க்குள்ளேயே போகலாமே? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், இத்தாலிய மருத்துவர் குயிடோ குலியெல்மி 1990இல் நோயாளிக்கு அதைச் செய்து காட்டினார். தொடை இடுக்குத் தமனியில் நுழைத்த கத்தீட்டர் என்னும் மெல்லிய குழாய், எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே புடைப்பு வரை செலுத்தப்படுகிறது. அதன் வழியே முடிபோன்ற பிளாட்டினக் காயில் பைக்குள் சுருண்டு நிரம்புகிறது. இடம் சரியாக அமையாவிட்டால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். அமைந்துவிட்டால் மிகச் சிறு மின்னோட்டம் இணைப்பைக் கரைத்துக் காயிலை அங்கேயே விட்டுவிடும். சுற்றிலும் ரத்தம் உறைய, பைக்குள் ஓட்டம் நின்றுபோகிறது.

புடைப்பு வெடித்த 2,143 பேரைச் சேர்த்து, கிளிப்பையும் காயிலையும் ஒப்பிட்ட ஐசாட் ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. ஓராண்டுக்குப் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தோரும் கிளிப் பிரிவில் 30.6 சதவீதம், காயில் பிரிவில் 23.7 சதவீதம். இரண்டுக்கும் ஏற்ற புடைப்புகளில், காயிலே முதல் தேர்வாக மாற அந்த இடைவெளி வழிசெய்தது.

இன்று மணிக்கட்டுத் தமனி வழியாகவும் போகிறார்கள். கழுத்து அகன்ற புடைப்புகளுக்கு ஸ்டென்ட், பலூன் துணை நிற்கின்றன. கிளிப்பும் ஓய்வு பெறவில்லை. சில இடங்களில், சில வடிவங்களில் அதுவே நல்லது. காயில் நாளடைவில் அமுங்கிப் புடைப்பு மீண்டும் திறக்கக்கூடும் என்பதால், வீடு திரும்பியவர்கள் தொடர் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

கருவிகள் இவ்வளவு மாறியும் நோயின் அவசரம் மாறவில்லை. வெடித்த புடைப்பு மறுபடி கசியும் ஆபத்து முதல் நாளில்தான் மிக அதிகம். வாழ்நாளில் அறியாத தலைவலி நொடியில் இடிபோல இறங்கினால், தைலம் தேய்த்துப் படுத்து விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்போதே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.