கிழங்கின் ஊரைக் கேளுங்கள்

1910ஆம் ஆண்டு. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், மின் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கு வழியாக எர்னஸ்ட் வில்சன் வந்துகொண்டிருந்தார். இங்கிலாந்தில் பிறந்த இவர், அப்போது அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஆர்னால்ட் மரப்பூங்காவுக்காகச் செடிகள் சேகரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று மலைச்சரிவு பெயர்ந்து கற்கள் உருண்டன. ஒரு பாறை அவருடைய காலை இரண்டு இடங்களில் முறித்துப்போட்டது. உடனிருந்தவர்கள் புகைப்படக் கருவியின் முக்காலியையே சிம்பாக வைத்துக் கட்டினார்கள். அதற்குள் அந்த ஒற்றையடிப் பாதையில் எதிரே கோவேறு கழுதைக் கூட்டமொன்று வந்துவிட்டது. ஒதுங்க இடமில்லை, திரும்பவும் வழியில்லை. படுத்துக் கிடந்த வில்சனை ஒவ்வொரு கழுதையாகத் தாண்டிப் போயிற்று. உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு கால் குட்டையாகி, கடைசிவரை விந்தி விந்தித்தான் நடந்தார்.

அந்தப் பயணத்தில் அவர் தேடிப்போனது ஒரு லில்லியின் கிழங்குகளை. வெளிப்புறம் ஊதா ஓடிய வெள்ளை இதழ்கள், உட்புறம் மஞ்சள் தொண்டை, அந்தி சாய்ந்தால் தோட்டமே மணக்கும் வாசம். ரீகல் லில்லி என்று பெயர். குளிர்நாட்டுத் தோட்டங்களில் புதிதாகக் கைவைப்பவருக்கு இன்றும் முதலில் பரிந்துரைக்கப்படும் லில்லிகளில் இதுவும் ஒன்று. காரணம் அதன் சொந்த ஊர். மின் பள்ளத்தாக்கில் கோடை கொளுத்தும், குளிர்காலம் உறையவைக்கும், சூறைக்காற்று ஓயாது. மண்ணிலோ பாதி சரளைக்கல். அங்கே பாறை இடுக்கில் பிழைத்த செடிக்கு லண்டன் தோட்டம் சொகுசான இடம்.

பூக்கிழங்கு வளர்ப்பில் ஆழம், உரம், நீர் என்று எத்தனையோ விதிகள் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை: இந்தக் கிழங்கின் பூர்வீகம் எது, அங்கே அது எந்தப் பருவத்துக்குப் பயந்து மண்ணுக்குள் ஒளிந்துகொண்டது?

கிழங்குக்குள் என்ன இருக்கிறது?

ஒரு வெங்காயத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் பாருங்கள். அடியில் வேர்கள் தொங்கும் கெட்டியான வட்டு இருக்கும். சுருங்கிப்போன தண்டு அதுதான். அதன்மேல் ஒன்றையொன்று போர்த்திக்கொண்டிருக்கும் சதைப்பற்றான அடுக்குகள், இலைகளின் அடிப்பகுதிகள். நட்டநடுவில் குருத்து. இந்த அமைப்பைப் பாடநூல்கள் குமிழம் என்கின்றன. துலிப்பும் டாஃபடிலும் லில்லியும் குமிழங்களே. கிளாடியோலஸ், குரோக்கஸ் ஆகியவற்றில் பருத்திருப்பது தண்டு, டாலியாவில் வேர். கடைக்காரர் எல்லாவற்றையும் 'பல்பு' என்றே விற்பார். நமக்கும் அதில் பெரிய நட்டமில்லை, ஏனென்றால் எல்லாவற்றின் வேலையும் ஒன்றுதான். வறட்சியோ உறைபனியோ வரும்போது மேலே உள்ள இலையையும் தண்டையும் காயவிட்டு, கட்டுச்சோற்றுடன் மண்ணுக்குள் காத்திருப்பது.

துலிப்பின் காத்திருப்பு வியப்பானது. வசந்தத்தில் பூத்து, கோடைத் தொடக்கத்தில் இலை காய்ந்ததும், கிழங்கு வெளிப்பார்வைக்கு உறங்குகிறது. உள்ளேயோ அந்த வெப்பத்தில்தான் அடுத்த ஆண்டுக்கான பூ, இதழும் மகரந்தத்தாளும் சூலகமுமாக, மிகச் சிறிய அளவில் உருவாகிறது. ஆனால் அது உடனே நீண்டு வெளியே வராது. ஏறத்தாழ 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே, 12 முதல் 16 வாரங்கள் குளிரில் இருந்தாக வேண்டும். அந்தக் குளிரில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகிறது. தண்டை நீளச்செய்யும் ஹார்மோன்கள் செயல்படத் தயாராகின்றன. குளிர் போதாவிட்டால் தண்டு குட்டையாக நின்று, மொட்டு இலைகளுக்கு நடுவிலேயே கருகிவிடும். துலிப்பின் பூர்வீகமான மத்திய ஆசிய மலைகளில் இது அவசியமான எச்சரிக்கை. நடுக்குளிர்காலத்தில் நான்கு நாள் வெயிலடித்ததும் ஏமாந்து முளைத்தால், அடுத்து வரும் பனியில் அழிந்துபோகும். முழுக் குளிர்காலமும் கழிந்துவிட்டது என்று தெரிந்த பிறகே துலிப் தலை நீட்டுகிறது.

லில்லியின் கதை சற்று வேறு. வெங்காயத்துக்கும் துலிப்புக்கும் இருக்கும் காகிதம் போன்ற மேல்தோல் அதற்குக் கிடையாது. செதில்கள் திறந்தபடி அடுக்கியிருக்கும். அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். முழு உறக்கத்துக்கும் அது போவதில்லை. துலிப் கிழங்கைக் காற்றோட்டமான கூடையில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். லில்லியை அப்படி வைத்தால் சுருங்கிப்போகும். வாங்கியதும் நடவேண்டும். முடியாவிட்டால் ஈரமான தென்னைநார்க் கழிவில் புதைத்துக் குளிரான இடத்தில் வைக்கவேண்டும்.

வாங்கும்போது

கையில் எடுத்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை. கிழங்கு கனமாகவும் கெட்டியாகவும் இருக்கவேண்டும். அடிவட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகக்கூடாது. லில்லியாக இருந்தால் சதைப்பற்றான வேர்கள் அறுபடாமல் இருப்பது நல்லது. ஓரிரு செதில் உதிர்ந்திருந்தால் பரவாயில்லை. நீலப் பூஞ்சணம் படர்ந்து மெத்தென்று ஆகியிருந்தால் வேண்டாம். பெட்டியின்மேல் 14/16, 16/18 என்று எழுதியிருப்பது கிழங்கின் சுற்றளவு, சென்டிமீட்டரில். ஒரே ரகத்தில் பெரிய கிழங்கு கூடுதல் மொட்டுகள் தரும்.

அடுத்தது ரகம். லில்லிகளில் முக்கியமாக மூன்று கூட்டத்தை அறிந்துகொண்டால் போதும். ஏசியாட்டிக் கலப்பினங்கள் முதலில் பூப்பவை. பெரும்பாலும் வானம் பார்த்த பூக்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்கள்; வாசம் கிடையாது. மண்ணைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாதவை. ஓரியண்டல் வகை தாமதமாகப் பூக்கும், வாசம் தூக்கியடிக்கும். 1970களில் கலிபோர்னியாவில் லெஸ்லி உட்ரிஃப் உருவாக்கிய ஸ்டார்கேசர் இவற்றில் புகழ்பெற்றது. ஓரியண்டல்களின் முன்னோர் ஜப்பானிய மலைச்சரிவுகளில் இலைமட்கு நிறைந்த அமிலத்தன்மையுள்ள மண்ணில் வளர்ந்தவை. சுண்ணாம்பு மண்ணில் நட்டால் இலை மஞ்சளாகிச் சோரும். மூன்றாவது, ரீகல் லில்லி சேர்ந்த எக்காள வடிவப் பூக்களின் கூட்டம். ரீகலுக்குச் சுண்ணாம்பு மண் ஒரு பொருட்டல்ல.

டாஃபடிலா, துலிப்பா என்று தயங்குகிறவர்களுக்கும் பூர்வீகமே விடை சொல்லும். டாஃபடில்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் உள்ளிட்ட மேற்கு ஐரோப்பாவைச் சேர்ந்தவை. அவற்றில் பல ஈரப் புல்வெளிக்குப் பழகியவை. இங்கிலாந்தில் புல்தரையில் ஒருமுறை நட்டால் பல்லாண்டுகள் பெருகிக்கொண்டே போகும். துலிப்போ வறண்ட கோடையில் சுடும் மண்ணுக்குள் ஓய்வெடுக்கும் பழக்கமுடையது. கோடையில் மழைபெய்யும் தோட்டத்தில் இரண்டாம் ஆண்டே பலவற்றுக்கு இலை மட்டும்தான் வரும். நெதர்லாந்தில் கடற்கரையை ஒட்டிய மணல்மண்ணும், அதனடியில் கால்வாய்களால் கட்டுப்படுத்தப்படும் நிலத்தடி நீர்மட்டமும்தான் அந்நாட்டைக் கிழங்கு வணிகத்தின் தலைநகராக்கின. வடிகால் அந்த அளவுக்கு முக்கியம்.

நடும்போது

பொதுவான அளவு இது: கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம். குரோக்கசுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர், துலிப்புக்கும் பெரிய டாஃபடிலுக்கும் 15 சென்டிமீட்டர் வரை. லில்லிக்கும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். பெரும்பாலான லில்லிகளுக்குக் கிழங்கின் அடியில் மட்டுமல்லாமல், கிழங்குக்கு மேலே மண்ணுக்குள் இருக்கும் தண்டிலும் வேர் விடும். மேலாக நட்டால் அந்த வேர்களுக்கு இடமிருக்காது, செடியும் சாயும். மடோன்னா லில்லி மட்டும் விதிவிலக்கு. மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்த இதற்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் இருந்தால் போதும்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இலையுதிர்காலமே நடவுக்காலம். டாஃபடிலை செப்டம்பரில் நடலாம். துலிப்பை நவம்பர்வரை தள்ளிப்போடுவது நல்லது, ஏனென்றால் மண் குளிர்ந்த பிறகு பூஞ்சை நோய் பரவும் வாய்ப்பு குறைவு. களிமண்ணாக இருந்தால் குழியின் அடியில் பருமணலும் சரளையும் கலந்து, நீர் தேங்காதபடி மேடாக்குங்கள். கிழங்கு சாவது பெரும்பாலும் குளிரால் அல்ல. குளிர்காலத்தில் தேங்கும் நீரில் அழுகித்தான். லில்லிக்குத் தலையில் வெயிலும் காலடியில் நிழலும் பிடிக்கும். அடியில் குட்டைச் செடிகளை வளர விட்டாலோ இலைமட்கால் மூடிவைத்தாலோ வேர்ப்பகுதி குளுமையாக இருக்கும்.

பூத்து முடிந்த பிறகு

இங்கேதான் பலர் கத்தரிக்கோலை எடுத்துக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். வாடிய பூவைக் கிள்ளுவது சரி, விதைக்குச் சத்து வீணாகாது. ஆனால் இலையை வெட்டக்கூடாது. அடுத்த ஆண்டுப் பூவுக்கான மாவுச்சத்து முழுவதையும் அந்த இலைகள்தான் ஆறேழு வாரங்களில் தயாரித்துக் கீழே அனுப்புகின்றன. தானாக மஞ்சளாகிப் படுத்த பிறகே அகற்றவேண்டும். சாம்பல்சத்து மிகுந்த உரத்தை இந்தக் காலத்தில் கொடுப்பது பயன் தரும். லில்லியைக் குவளைக்கு வெட்டும்போதும் தண்டில் மூன்றில் இரண்டு பங்கையாவது செடியில் விட்டுவைக்கவேண்டும்.

லில்லியைப் பெருக்குவது எளிது. ஆரோக்கியமான கிழங்கிலிருந்து வெளிச்செதில்கள் சிலவற்றை அடியோடு ஒடித்து, ஈரமான வெர்மிகுலைட்டுடன் பிளாஸ்டிக் பையில் கட்டி, கதகதப்பான இடத்தில் வையுங்கள். இரண்டு மாதம் போல ஆனதும் ஒவ்வொரு செதிலின் அடியிலும் குட்டிக் கிழங்குகள் முத்துமுத்தாகத் தோன்றும். அவை பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். புலி லில்லிக்கு இந்தச் சிரமமும் வேண்டாம். இலைக்கக்கத்தில் கருமையான சிறு குமிழ்கள் தானே உண்டாகி உதிர்ந்து முளைக்கும். ஆனால் தனக்குப் பாதிப்பே தெரியாமல் அது வைரசைச் சுமந்திருக்கக்கூடும். அசுவினிகள் அதை மற்ற லில்லிகளுக்குக் கொண்டுபோகும் என்பதால் தள்ளி நடுவது நல்லது.

பிரிட்டனிலும் கனடாவிலும் லில்லி வளர்ப்பவர்கள் செந்நிற வண்டு ஒன்றை அறிவார்கள். பளபளக்கும் சிவப்பு முதுகு. தொட்டால் கீழே உருண்டு, கரிய வயிற்றைக் காட்டி மண்ணோடு மண்ணாகிவிடும். அதன் புழுக்கள் தம் கழிவையே உடலில் பூசிக்கொண்டு இலையைத் தின்னும். இலையடியில் ஆரஞ்சு நிற முட்டைகளைத் தேடி நசுக்குவதும், அடியில் ஒரு கையை ஏந்திக்கொண்டு வண்டைப் பிடிப்பதும் மருந்தடிப்பதைவிட மேல்.

வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம். இலை, இதழ், குவளைத் தண்ணீர், உடலில் ஒட்டிய மகரந்தம் என எதை நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகலாம். டாஃபடில் கிழங்கும் நச்சுதான். அணில்கள் துலிப்பைத் தோண்டித் தின்றுவிட்டு டாஃபடிலை விட்டுவைப்பது அதனால்தான். பார்வைக்கு வெங்காயம் போலிருக்கும் எந்தப் பூக்கிழங்கையும் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

நம் மலையிலும் சமவெளியிலும்

லில்லி முழுக்க அயல்நாட்டுச் சரக்கு அல்ல. நீலகிரி, பழநி மலைகளின் உயர்ந்த சரிவுகளில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10, 11 பாகையிலேயே ஓர் உண்மையான லில்லி இயற்கையாக வளர்கிறது. நீண்ட வெள்ளைக் குழல்போன்ற பூ, நல்ல வாசம். தென்மேற்குப் பருவமழையை ஒட்டிப் பூக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவரான ராபர்ட் வைட் இதற்கு நீலகிரியின் பெயரையே வைத்தார். அவருடைய நூல்களுக்குச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். இன்று அரிதாகிவிட்ட இந்தச் செடியைக் காட்டில் தோண்டி எடுக்காமல் பார்த்து ரசிப்பதே முறை. ஊட்டி, கொடைக்கானலின் அமிலமண்ணும் குளிரிரவும் ஓரியண்டல் லில்லிக்கு ஒத்துவரும்.

சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் துலிப் வளர்த்தே தீருவேன் என்றால் வழி உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியில், பழங்களிலிருந்து விலக்கி வைக்கவேண்டும். ஆப்பிளும் வாழைப்பழமும் வெளியிடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். பிறகு மார்கழிக் குளிரில் தொட்டியில் நட்டால் ஒருமுறை பூக்கலாம். மறுமுறை பூக்காது. குளிரூட்டிய ஏசியாட்டிக் லில்லியும் ஏறக்குறைய அப்படித்தான்: இரண்டு மூன்று மாதத்தில் அழகாகப் பூத்து, அடுத்த கோடையில் நலிந்துபோகும்.

குளிருக்குப் பதிலாக வறட்சிக்குப் பயந்து ஒளியும் கிழங்குகளே சமவெளிக்கு உரியவை. அமெரிக்க வெப்பப் பகுதிகளிலிருந்து வந்த மழை லில்லி, காய்ந்து கிடந்து ஒரு நல்ல மழைக்குப் பிறகு சில நாளில் பூத்துவிடும். நிலச்சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்து நம் பூக்கடையில் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் கோடை முழுவதும் கலப்பை வடிவக் கிழங்காகக் கிடந்து மழைக்காலத்தில் கொடிவிடும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதி உழவர்கள் அதன் விதைக்காகவே பந்தலிட்டு வளர்க்கிறார்கள். மூட்டுவாதத்துக்கான மருந்தான கொல்சிசின் அதிலிருந்து கிடைக்கிறது. கிழங்கு கடும் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. இவற்றுக்கெல்லாம் நாம் செய்யவேண்டியது, இலை காய்ந்ததும் தண்ணீரை நிறுத்துவது. நம் ஊர்க் கோடையே அவற்றுக்குத் தேவையான ஓய்வைக் கொடுத்துவிடும். மொட்டைமாடித் தொட்டியில் ஒரே ஒரு முறை மலரும் துலிப்புக்குச் செலவிடும் பணத்தில், ஆண்டுதோறும் தானாகவே பூக்கும் மழை லில்லி பல தொட்டிகளுக்கு வாங்கிவிடலாம்.