சிகிச்சையின் மூன்றாவது வாரம்

பெங்களூரு நகரில், ஓசூர் சாலையில், கிட்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் உள்ளது. 1973-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நிலையம் 1980-இல் வட்டாரப் புற்றுநோய் மையமாக உயர்ந்தது. கர்நாடகத்தாரேயன்றித் தமிழ்நாட்டினரும் ஆந்திரத்தினரும் இதை நாடி வருகின்றனர். வாய், தொண்டை ஆகியவற்றில் புற்று உடையோர் அவர்களுள் கணிசமானவர். புகையிலையும் பாக்கும் இதற்குப் பெருங்காரணங்களாம். இவர்களிற் பலருக்கு வாரத்தில் ஐந்து நாளாக, ஆறு அல்லது ஏழு வாரங்கள் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. பெரும்பாலும் மூன்றாவது வாரத்தையொட்டித்தான் தொல்லை முற்றத் தொடங்குகிறது.

அது ஏன் அப்பொழுது? வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களைக் கதிர்கள் அதிகமாகத் தாக்குகின்றன. புற்றணு மட்டுமன்று, வாயின் உட்தோலும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் மேலடுக்கு நாள்தோறும் தேய்ந்து, கீழிருந்து புதிய அணுக்களால் நிரப்பப்படுகிறது. சிகிச்சையில் இந்த நிரப்பும் வேலை தடைப்படுகிறது. பழைய அடுக்கு தேய்ந்து முடிய இரண்டொரு வாரங்கள் செல்கின்றன. பின்னர்தான் வாய் சிவந்து புண்ணாகிறது. உமிழ்நீர் குறைகிறது, நாச்சுவை மாறுகிறது, கஞ்சி விழுங்குவதும் வேதனையாகிறது.

"ஊருக்குப் போய்ப் புண் ஆறியதும் வருகிறேன்" என்று நோயாளி கூறுவது இந்தக் கட்டத்திலேதான். கேட்பவருக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் இடைவெளியில் புண் ஆறுவதுபோலவே எஞ்சிய புற்றணுக்களும் பெருகுகின்றன. தலை, கழுத்துப் பகுதிப் புற்றில், சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஊரிலுள்ள களப்பணியாளர் இதனை எடுத்துரைத்து, அவரை மறுநாளே திருப்பியனுப்புதல் மருந்துக்கு நிகரான உதவியாகும்.

வேதனையைக் குறைக்கும் வழிகள் எளியவை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடாவும் கரைத்து, பகலில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். நாள்தோறும் புதிதாகக் கரைத்தல் நலம். சாராயம் கலந்த கடை மருந்துகளால் எரிச்சல் மிகும். காரம், புளி, எலுமிச்சை ஆகியவற்றை விலக்க வேண்டும். கேழ்வரகு மால்ட், குழைந்த பருப்புச் சோறு, தயிர் சேர்த்து மசித்த சோறு, முட்டை ஆகியவை ஏற்றவை. ராகி முத்தே மெல்லாமல் விழுங்கப்படுவதாயினும், அதனுடன் வரும் சாறு புண் வாய்க்கு ஆகாது! மருத்துவர் தரும் வலி மாத்திரையை உணவுக்கு அரைமணி முன்னதாக உட்கொண்டால் உண்ண முடிகிறது. புகைப்பதைத் தொடர்ந்தால் புண் மிகுவதுடன் சிகிச்சையின் பயனும் குறைகிறது.

எடையை வாரந்தோறும் பார்ப்பது அவசியம். சிகிச்சையின்போது தலையை அசையாமல் நிறுத்த, முகத்தின் வடிவிலேயே ஒரு முகமூடி செய்யப்படுகிறது. உடல் மிகவும் மெலிந்தால் அது தளர்ந்து, கதிரின் இலக்கு தவறக்கூடும். மூக்கு வழியே உணவுக்குழாய் பொருத்துவதைக் கண்டு குடும்பத்தார் இறுதிக்காலம் வந்ததென அஞ்சுவதுண்டு. அச்சத்திற்கு இடமில்லை. புண் ஆறியதும் பெரும்பாலோருக்குக் குழாய் எடுக்கப்பட்டுவிடும். புண்ணும் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஆறுகிறது. வாய் வறட்சியோ நெடுநாள் நீடிக்கலாம். சொத்தைப் பற்களைச் சிகிச்சைக்கு முன்னரே பிடுங்கிவிட வேண்டும். பின்னர் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமற் போகும் ஆபத்துண்டு.

மருந்தேற்றும் சிகிச்சையில் துன்பம் வேறு வகையினது. முற்காலத்தில் வாந்திக்கு அஞ்சியே பலர் விலகினர். 1990-களில் ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகள் பரவியபின் நிலைமை பெரிதும் மாறியது. வாந்தி வந்தபின் அல்ல, வருமுன் உட்கொள்ள வேண்டிய மாத்திரை அது. காய்ச்சல்தான் உண்மையில் அஞ்சத்தக்கது. மருந்தேற்றிய ஏழு முதல் பதினான்கு நாட்களில் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைகின்றன. அப்பொழுது உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை (100.4 பாரன்ஹீட்) எட்டினால், காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருத்தல் கூடாது; இரவாயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. இரத்தப் புற்றுள்ள குழந்தைகள் முதற்கட்டச் சிகிச்சை முடிந்ததும், நெடுநாள் மாத்திரைகள் உட்கொண்டவாறே பள்ளிக்குத் திரும்புவதுண்டு. நோய் பிறருக்குத் தொற்றாது என்பதையும், உதிர்ந்த முடி மீண்டும் வளரும் என்பதையும் குழந்தை வருமுன்பே வகுப்பிற்குக் கூறிவிடலாம். வகுப்பில் எவருக்கேனும் சின்னம்மை கண்டால் அன்றே அக்குழந்தையின் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். எதிர்ப்புச்சக்தி குன்றிய குழந்தைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாகலாம். தடுப்பு ஊசியோ மருந்தோ முதல் சில நாட்களுக்குள் தரப்பட்டால்தான் நன்கு பயன்படும். பெற்றோரின் தொலைபேசி எண் வருகைப் பதிவேட்டின் முதற் பக்கத்தில் இருக்கட்டும்.