கடலுக்கு அடியில் சுற்றும் காற்றாடி!

ஸ்காட்லாந்தின் வடக்கு முனையில் ஒரு ஜலசந்தி இருக்கிறது. அதன் பெயர் பென்ட்லண்டு. அதன் நடுவே ஸ்ட்ரோமா என்ற சிறிய தீவு.

தீவின் அருகே கடல் சுழித்து ஓடும். அங்கே உடைந்த கப்பல்கள் பல.

"கடலுக்கு அடியில் ஒரு சூனியக்காரி இருக்கிறாள். திரிகையைச் சுற்றி உப்பு அரைக்கிறாள். அதனால்தான் இந்தச் சுழி" என்று அந்தக் காலத்தில் கதை சொன்னார்கள்.

இப்போது அந்தத் தீவின் அருகே நிஜமாகவே சக்கரங்கள் சுற்றுகின்றன. அவை அரைப்பது உப்பு அல்ல. மின்சாரம்!

4 யந்திரங்கள்

ஜலசந்தியின் ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல். மறு பக்கம் வட கடல். இரண்டிலும் ஓதம் ஒரே நேரத்தில் ஏறுவது இல்லை. ஒரு பக்கம் தண்ணீர் மேடாக இருக்கும்போது மறு பக்கம் பள்ளமாக இருக்கும். உடனே தண்ணீர் பாய்ந்து ஓடும். சுமார் 6 மணி நேரம் கழித்து எதிர்ப்பக்கமாகத் திரும்பும்.

இந்த ஓட்டத்தில் 4 யந்திரங்களை இறக்கி இருக்கிறார்கள். 2018-ம் ஆண்டில் திட்டம் முழு அளவில் வேலை செய்யத் தொடங்கியது. அதன் பெயர் மேஜென்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் 3 இறக்கைகள். சக்கரத்தின் அகலம் சுமார் 60 அடி. முழு வேகத்தில் ஒரு யந்திரம் 1,500 கிலோவாட் மின்சாரம் கொடுக்கும். 60 வாட் பல்புகள் 25 ஆயிரம் எரியும்!

வேகம் பாதியானால்?

முழு மின்சாரம் கிடைக்க, தண்ணீர் வினாடிக்குச் சுமார் 10 அடி ஓட வேண்டும். அது 5 அடியாகக் குறைந்தால் எத்தனை பல்பு எரியும்?

பாதி என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. எட்டில் ஒரு பங்குதான். சுமார் 3 ஆயிரம் பல்புகளே எரியும்!

காரணம் இதுதான். வேகம் பாதியானால், சக்கரத்தைக் கடக்கும் தண்ணீரும் பாதியாகிறது. அந்தத் தண்ணீரின் ஒவ்வொரு துளியிலும் உள்ள சக்தியோ நாலில் ஒரு பங்காகிறது. பாதியில் நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு அல்லவா?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும். அப்போது மின்சாரம் கொழிக்கும். அஷ்டமியை ஒட்டி ஓட்டம் தளரும். மின்சாரமும் இளைக்கும். ஆனால் ஒரு வசதி. காற்று எப்போது வீசும் என்று வெகு நாட்களுக்கு முன்கூட்டியே சொல்ல முடியாது. கடல் ஓட்டத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

பின்னால் ஓடும் பையன்

"4 எதற்கு? 400 போடலாமே!" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல்.

பனை ஓலைக் காற்றாடியுடன் சிறுவர்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பையன் முன்னால் ஓடினால், அவன் முதுகுக்குப் பின்னால் வருகிறவனின் காற்றாடி சரியாகச் சுற்றாது.

கடலிலும் அப்படித்தான். முன் சக்கரத்தைக் கடந்த தண்ணீர் வேகம் குறைந்து, கலங்கிப் போய்விடும். அது மீண்டும் வேகம் பிடிக்க இடம் வேண்டும். அதனால் பின் வரிசையைத் தள்ளி வைக்க வேண்டும். முன் வரிசையின் இடைவெளிக்கு நேராக வைத்தால் இன்னும் நல்லது.

கடல் சொல்லும் கணக்கு

சக்கரங்கள் மிக அதிகமானால் இன்னொரு கஷ்டம். வாய்க்காலில் பலகைகளைச் செருகினால் என்ன ஆகும்? தண்ணீர் தயங்கும். வேறு வழி இருந்தால் அந்தப் பக்கம் போய்விடும். ஜலசந்தியிலும் அதே கதைதான்.

இதை 2005-ம் ஆண்டில் கனடா விஞ்ஞானிகள் காரெட், கம்மின்ஸ் இருவரும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சக்கரங்களைக் கூட்டக் கூட்ட மின்சாரம் ஓர் அளவு வரையில்தான் கூடும். அதற்கு மேல் போனால் குறைய ஆரம்பிக்கும்!

ஆகவே சக்கரம் செய்வது பாதி வேலைதான். எத்தனை போடுவது, எங்கே போடுவது என்று முதலில் கடலின் ஓட்டத்தை அளந்து பார்க்க வேண்டும்.

அளவோடு கேட்டால் கடல் கொடுக்கும். பேராசைப்பட்டால், கொடுத்ததையும் குறைத்துக்கொள்ளும்!